கட்டிக்குள் முளைக்கும் ரத்தக் குழாய்கள்: பெருங்குடல் புற்றுநோயில் அவை எதைச் சொல்கின்றன?

பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்த எவரும் டாக்டரிடம் கேட்பது, "இது திரும்ப வருமா?" என்பதைத்தான். டாக்டர் அதற்குப் பதில் சொல்லக் கையில் எடுப்பது, வெட்டியெடுத்த கட்டியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதும் பேத்தாலஜி ரிப்போர்ட்டை. கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, எடுத்த நிணநீர்க் கணுக்களில் எத்தனையில் புற்றுசெல் இருக்கிறது, கல்லீரல், நுரையீரல் என்று வேறெங்காவது பரவியிருக்கிறதா என்று பார்த்துத்தான் ஸ்டேஜ் சொல்கிறார்கள். ஸ்டேஜ் நல்ல வழிகாட்டிதான். அமெரிக்கக் கணக்குப்படி, நோய் குடலோடு நிற்கும்போதே கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறார்கள். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகு தெரியவந்தால், அது ஏழு பேரில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது.

சிக்கல் நடுவில் இருப்பவர்களுக்குத்தான். இரண்டாம் ஸ்டேஜ் என்பது, கட்டி குடல் சுவரைத் தாண்டியோ தாண்டும் நிலையிலோ இருக்கிறது, ஆனால் கணுக்களில் எதுவும் இல்லை என்ற நிலை. ஒரே ஆழம், ஒரே மாதிரி சுத்தமான கணுக்கள் என்று இருவரின் ரிப்போர்ட்டும் ஒத்துப்போகலாம். ஒருவருக்கு அதோடு நோய் தீர்ந்துவிடும். இன்னொருவருக்கு இரண்டு வருடத்தில் கல்லீரலில் தலைகாட்டும். யாருக்குக் கீமோ தேவை, யாரைச் சும்மா விட்டுவிடலாம் என்று முடிவெடுக்க ஸ்டேஜ் மட்டும் போதவில்லை. அதனால்தான் கட்டிக்குள்ளேயே வேறு ஏதாவது அடையாளம் கிடைக்குமா என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அப்படித் தேடியதில் கிடைத்தவற்றில் மிக அழகான யோசனை இது: கட்டிக்குள் புதிதாக எத்தனை ரத்தக் குழாய்கள் முளைத்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், அது எவ்வளவு மூர்க்கமானது என்று தெரிந்துவிடாதா?

அந்த யோசனை பாதி பலித்தது, பாதி பலிக்கவில்லை. எந்தப் பாதி பலித்தது, ஏன் என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் "நோய் எப்படிப் போகும்" என்பதையும் "எந்த மருந்து வேலை செய்யும்" என்பதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் பழக்கம் நோயாளிகளிடம் மட்டுமல்ல, செய்தி எழுதுபவர்களிடமும் இருக்கிறது.

கட்டிக்கு ஏன் ரத்தக் குழாய் வேண்டும்?

உடம்பில் எந்தச் செல்லுக்கும் ஆக்சிஜன் வேண்டும். நுண்குழாயிலிருந்து கசியும் ஆக்சிஜன் சுற்றியுள்ள திசுவுக்குள் 100 முதல் 200 மைக்ரான் தூரம்தான் போய்ச்சேரும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்கு. அதைத் தாண்டி இருக்கும் செல் மூச்சுத் திணறும், அப்புறம் சாகும். புற்றுசெல் என்பதால் இந்த விதியிலிருந்து விலக்கு ஒன்றும் கிடையாது. ஒரே இடத்தில் பெருகிக்கொண்டே போகும் செல்களின் குவியல், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டத்தை எட்டியதும், நடுவில் இருப்பவற்றுக்கு எதுவும் வந்து சேராது. அதற்கு மேல் வளர வேண்டுமானால் புதிய ரத்தக் குழாய்களை உள்ளே இழுத்தாக வேண்டும்.

இதை முதலில் அழுத்தமாகச் சொன்னவர் ஜூடா ஃபோக்மேன் என்ற அமெரிக்க அறுவைசிகிச்சை நிபுணர். 1960களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிக்கொண்டிருந்தார். மேரிலாந்தில் பெதெஸ்டா என்ற ஊரிலிருந்த கடற்படை மருத்துவ மையத்தில் அவருக்குக் கொடுத்த வேலைக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தமில்லை. மாதக்கணக்கில் கடலில் இருக்கும் கப்பல்களுக்கு, கெட்டுப்போகாத ரத்த மாற்று ஒன்று வேண்டியிருந்தது. ஃபோக்மேனும் சக ஆய்வாளர் ஃபிரெடரிக் பெக்கரும் ஹீமோகுளோபின் கரைசலைத் தயாரித்து, விலங்கின் தைராய்டு சுரப்பியைக் கண்ணாடிக் கலத்தில் வைத்து, அதன் வழியாக அந்தக் கரைசலை ஓடவிட்டுப் பார்த்தார்கள். சுரப்பி உயிரோடு இருந்தது. சரி, அது வளரும் திசுவையும் தாங்குமா என்று பார்க்க எலியின் புற்றுசெல்களை அதில் வைத்தார்கள். செல்கள் பெருகின, குண்டூசித் தலை அளவுக்கு வந்தன, நின்றுவிட்டன. எல்லாக் கட்டியும் ஏறக்குறைய அதே அளவில் நின்றது.

செத்துவிட்டதா என்றால், இல்லை. அதே குட்டிக் கட்டிகளை எடுத்து உயிருள்ள எலிக்குள் வைத்ததும் மளமளவென்று பெருத்தன. கண்ணாடிக் கலத்தில் இல்லாத எது எலிக்குள் இருந்தது? எலிக்குள் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்து வந்து கட்டிக்குள் புகுந்தன. கலத்தில் இருந்த சுரப்பியில் அது நடக்கவில்லை.

ஃபோக்மேன் அதைப் பத்து ஆண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். 1971இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான அவருடைய கட்டுரை, கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து குழாய்களை அழைக்கிறது, அந்த அழைப்பைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்றது. அப்போது பெரும்பாலானவர்கள் நம்பவில்லை. கட்டியில் காணப்படும் குழாய்கள் வெறும் அழற்சியின் விளைவு என்பதுதான் பொதுக் கருத்து. அவருடைய பாஸ்டன் ஆய்வுக்கூடம் முயல் கண்ணில் செய்த சோதனைதான் பலரை யோசிக்க வைத்தது. கண்ணின் முன்னறையில் தெளிவான திரவம் இருக்கிறது, அதில் ரத்தக் குழாய் கிடையாது. அங்கே மிதக்கவிட்ட கட்டித்துணுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அளவில் உயிரோடு அப்படியே கிடந்தது. அதே துணுக்கைக் கருவிழிப் படலத்தின் மேல், ரத்தக் குழாய்களுக்கு அருகில் வைத்தபோது, குழாய்கள் அதை நோக்கி வளர்ந்தன. குழாய் தொட்டதும் கட்டி சில வாரங்களில் பல ஆயிரம் மடங்கு பெருத்தது. கண் என்பதால் வெளியிலிருந்தே இதையெல்லாம் பார்க்க முடிந்தது. சோதனைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தை எண்ணி இன்றும் வியக்கிறேன்.

யார் அழைக்கிறார்கள்?

அழைக்கும் பொருள் எது என்று கண்டுபிடிக்க இன்னும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1983இல் பாஸ்டனில் ஹெரால்ட் ட்வோராக் குழுவினர், கட்டிகள் சுரக்கும் ஒரு புரதம் ரத்தக் குழாய்களைக் கசியவைக்கிறது என்று காட்டினார்கள். 1989இல் கலிஃபோர்னியாவின் ஜெனன்டெக் நிறுவனத்தில் நெப்போலியோனே ஃபெராரா, ரத்தக் குழாய்ச் செல்களை வளரத்தூண்டும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்து அதன் மரபணுவையும் அடையாளம் கண்டார். இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. அதைத்தான் இன்று வி.இ.ஜி.எஃப். என்கிறோம்.

ஆக்சிஜன் குறையும்போது செல் அதை எப்படி உணர்கிறது என்ற கேள்விக்கான விடைக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். சுருக்கமாகச் சொன்னால், செல்லுக்குள் ஹிஃப் என்ற புரதம் எப்போதும் தயாராகிக்கொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால் அது உடனுக்குடன் சிதைக்கப்படும். ஆக்சிஜன் குறைந்தால் சிதைவு நின்றுபோய், ஹிஃப் செல்லின் உட்கருவுக்குள் போய் வி.இ.ஜி.எஃப். மரபணுவை முடுக்கிவிடும். செல் வி.இ.ஜி.எஃப்.பை வெளியே விடும், அருகிலுள்ள நுண்குழாயின் உட்சுவர் செல்கள் அதை உணர்ந்து கிளைவிடும். காயம் ஆறுவதும், மாதந்தோறும் கருப்பையின் உட்படலம் புதிதாக வளர்வதும் இதே வழியில்தான். கட்டி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. உடம்பு ஆபத்துக்கு வைத்திருக்கும் ஏற்பாட்டை நிறுத்தாமல் இயக்கிக்கொண்டே இருக்கிறது.

பெருங்குடலில் இது எப்போது தொடங்குகிறது? புற்றுநோய்க்கு முன்பே. குடலின் உட்பரப்பில் முளைக்கும் பாலிப் ஒன்று புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். சாதாரண குடல் படலம், பாலிப், புற்று என்று வரிசையாக வைத்துப் பார்த்த ஆய்வுகள், நுண்குழாய்கள் பாலிப் நிலையிலேயே அதிகரிக்கத் தொடங்குவதைக் காட்டியிருக்கின்றன. அந்த நீண்ட இடைவெளியில் கொலோனோஸ்கோபி செய்து பாலிப்பை எடுத்துவிட்டால் இந்தக் கதையே தொடங்காது.

இப்படி அவசரத்தில் முளைக்கும் குழாய்கள் நல்ல குழாய்களாக இருப்பதில்லை. வளைந்து நெளிந்து, முட்டுச்சந்தில் போய் நின்று, ஓரிடத்தில் பருத்து ஓரிடத்தில் சுருங்கி இருக்கும். குழாயை வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டிய செல்கள் குறைவாக இருக்கும். சுவர் கசியும். கசிவுதான் நோயாளிக்கு ஆபத்தானது. சுவர் ஒழுங்காக இல்லாத குழாய்க்குள் புற்றுசெல் எளிதாக நுழையலாம். பெருங்குடலின் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது. பெருங்குடல் புற்று பரவும்போது கல்லீரலை முதலில் பிடிப்பதற்கு இந்தப் பாதை ஒரு முக்கியக் காரணம்.

ஆக, குழாய் அதிகம் இருந்தால் கட்டிக்கு இரண்டு லாபம்: தீனி வரும், தப்பியோட வழியும் கிடைக்கும். அப்படியென்றால் குழாயை எண்ணினால் நோயின் போக்கு தெரிய வேண்டும். தர்க்கம் கச்சிதமாக இருக்கிறது.

எண்ணுவது எப்படி?

அறுவைசிகிச்சையில் எடுத்த குடல் துண்டை ஃபார்மலினில் ஊறவைத்து, கட்டியிலிருந்து சிறு துண்டுகளை வெட்டி, மெழுகில் பதித்து பிளாக் ஆக்குவார்கள். அந்த பிளாக்கிலிருந்து மைக்ரோடோம் கருவியில் நான்கைந்து மைக்ரான் கனத்துக்குச் சீவிய படலம் கண்ணாடி ஸ்லைடில் ஏறும். வழக்கமான இளஞ்சிவப்பு, ஊதாச் சாயத்தில் பெரிய குழாய்கள் தெரியும், மிகச் சிறியவை கூட்டத்தில் மறைந்துவிடும். அதனால் ரத்தக் குழாயின் உட்சுவர் செல்லில் மட்டும் ஒட்டக்கூடிய ஆன்டிபாடியை ஸ்லைடின் மேல் விட்டு, அது ஒட்டிய இடம் பழுப்பு நிறமாகும்படி செய்வார்கள். சி.டி. 31, சி.டி. 34, எட்டாம் காரணி என்று சில ஆன்டிபாடிகள் இதற்குப் பயன்படுகின்றன. மற்ற செல்களின் உட்கரு நீலமாக இருக்கும். நீலத்துக்கு நடுவே பழுப்பு வளையங்களும் கோடுகளும் புள்ளிகளுமாகக் குழாய்கள் துலங்கும்.

பிறகு, குறைந்த பெரிதாக்கத்தில் ஸ்லைடு முழுவதையும் ஓட்டிப் பார்த்து, பழுப்பு எங்கே மிக நெருக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அங்கே 200 மடங்கு பெரிதாக்கி எண்ணத் தொடங்குவார்கள். நடுவில் துளை தெரிய வேண்டும் என்றோ, உள்ளே சிவப்பணு இருக்க வேண்டும் என்றோ அவசியமில்லை. தனித்து நிற்கும் ஒரே ஒரு பழுப்புச் செல்கூட ஒரு குழாயாகக் கணக்கில் வரும். தசைச் சுவர் கொண்ட தடித்த குழாய்களை விட்டுவிடுவார்கள், அவை பழையவை. இப்படி வரும் எண்ணுக்கு நுண்குழாய் அடர்த்தி என்று பெயர்.

இந்த முறையை 1991இல் நோயெல் வைட்னர், ஃபோக்மேன் உள்ளிட்டோர் மார்பகப் புற்றில் முதலில் செய்துகாட்டினார்கள். அடர்த்தி அதிகமுள்ள கட்டிகள் அதிகம் பரவியிருந்தன. உலகமெங்கும் பேத்தாலஜி துறைகளில் எண்ணும் வேலை தொடங்கிவிட்டது. பெருங்குடலில் 1995இல் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் தகஹாஷி, லீ எல்லிஸ் முதலியோர் செய்த ஆய்வு, பரவிய கட்டிகளில் குழாய் எண்ணிக்கையும் வி.இ.ஜி.எஃப். அளவும் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. இரண்டு ஆண்டு கழித்து அதே குழு, கணுக்களுக்குப் பரவாத நோயாளிகளிலும் இந்த இரண்டும் நோய் திரும்பும் காலத்தோடு ஒத்துப்போவதாகச் சொன்னது. தொடக்கத்தில் பார்த்தோமே, அந்த நடுவில் நிற்பவர்கள், அவர்களுக்கான விடை கிடைத்துவிட்டது என்றுதான் அன்று தோன்றியது.

அப்புறம் வந்த ஆய்வுகள் படத்தைக் கலைத்தன. பல ஆய்வுகளில் அடர்த்தி கூடினால் ஆயுள் குறைந்தது. சிலவற்றில் எந்தத் தொடர்பும் இல்லை. ஒன்றிரண்டில் தலைகீழாக, குழாய் அதிகமுள்ளவர்கள் நன்றாக இருந்தார்கள். 2006இல் பிரிட்டிஷ் புற்றுநோய் இதழில், அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் அடர்த்தி அதிகம் என்பது கெட்ட அறிகுறிதான், வி.இ.ஜி.எஃப். அதிகம் என்பதும் அப்படியே என்று தெரிந்தது. ஆனால் எண்ணும் முறை ஆய்வுக்கு ஆய்வு மாறியது, முடிவும் அதோடு மாறியது.

ஏன் இவ்வளவு குழப்பம் என்பதை ஸ்லைடைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். மிக நெருக்கமான இடம் எது என்பதை இருவர் இருவிதமாகத் தேர்ந்தெடுப்பார்கள். எட்டாம் காரணி சின்னக் குழாய்களைத் தவறவிடும், சி.டி. 31 சில அழற்சிச் செல்களிலும் ஒட்டும், சி.டி. 34 இணைப்புத் திசுச் செல்கள் சிலவற்றையும் பிடித்துவிடும். கட்டியின் விளிம்பில் எண்ணினால் ஒரு எண், நடுவில் எண்ணினால் வேறு எண். பெருங்குடலுக்கே உரிய ஒரு பொறியும் உண்டு. இங்கே கட்டியின் மேற்பரப்பு பெரும்பாலும் புண்ணாகியிருக்கும். புண்ணின் அடியில் ஆறும் திசு வளர்கிறது, அதில் புதுக் குழாய்கள் அடர்ந்திருக்கும். அவசரத்தில் அங்கே எண்ணிவிட்டால், கட்டியின் குணத்தை எண்ணவில்லை, புண் ஆறுவதை எண்ணியிருக்கிறோம். இதற்கெல்லாம் மேலே, எந்த எண்ணுக்கு மேல் "அதிகம்" என்பதை ஒவ்வொரு குழுவும் தன் நோயாளிகளின் நடு அளவை வைத்து முடிவுசெய்தது. ஓர் ஊரில் "அதிகம்" என்ற எண் இன்னோர் ஊரில் "குறைவு" ஆகிவிடும்.

முறையைச் சரிசெய்தாலும் தீராத ஒரு கேள்வியும் இருக்கிறது. 2002இல் லின் ஹ்லாட்கி, பிலிப் ஹான்ஃபெல்ட் இருவரோடு சேர்ந்து ஃபோக்மேனே அதை எழுதினார். அடர்த்தி என்பது இரண்டு நுண்குழாய்களுக்கு இடையே எத்தனை செல்களைக் கட்டி தாங்குகிறது என்பதைத்தான் சொல்கிறது. குறைந்த ஆக்சிஜனில் காலம் தள்ளத் தெரிந்த புற்றுசெல்லுக்குக் குழாய் குறைவாகப் போதும். அதனால் வேகமாக வளரும் கட்டியிலும் அடர்த்தி சாதாரணத் திசுவைவிடக் குறைவாக இருக்கலாம். நோயின் போக்கைக் கணிக்க இந்த எண் உதவலாம், ஆனால் குழாயைத் தடுக்கும் மருந்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்ய அது உதவாது என்றார்கள். தன் யோசனையில் பிறந்த ஒரு அளவுகோலின் எல்லையைத் தானே எழுதிவைத்த நேர்மை எனக்கு அவர்மேல் மதிப்பைக் கூட்டுகிறது.

மருந்து வந்தபோது

அதற்கான உண்மையான சோதனை விரைவிலேயே வந்தது. வி.இ.ஜி.எஃப்.பைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடி மருந்து பெவசிஸுமாப். அவாஸ்டின் என்ற பெயரில் தெரிந்திருக்கும். பரவிய பெருங்குடல் புற்று உள்ள 813 பேரிடம் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. கீமோவோடு இந்த மருந்தையும் பெற்றவர்களின் நடு ஆயுட்காலம், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 20.3 மாதம். கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 15.6 மாதம். அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க அரசு ஒப்புதல் கொடுத்தது. ஃபோக்மேன் 1971இல் சொன்னது 33 ஆண்டு கழித்து மருந்துக் குப்பியாக வந்தது, வந்ததும் பெருங்குடல் புற்றுக்குத்தான்.

குழாய் அதிகமுள்ள கட்டிக்கு இந்த மருந்து அதிகம் பலன் தர வேண்டும் அல்லவா? அதே ஆய்வில் இருந்த நோயாளிகளின் கட்டித் திசுவை எடுத்து அடர்த்தியையும் வி.இ.ஜி.எஃப். அளவையும் அளந்து 2006இல் வெளியிட்டார்கள். அதிகம் உள்ளவர்களுக்கும் பலன், குறைவாக உள்ளவர்களுக்கும் பலன். எண்ணிக்கையை வைத்து யாரையும் பிரிக்க முடியவில்லை.

இங்கேதான் நான் முன்பு சொன்ன இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சில அடையாளங்கள் நோயின் போக்கைச் சொல்லும். என்ன மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், இந்த அடையாளம் உள்ளவருக்கு நோய் திரும்ப வாய்ப்பு அதிகம் என்று மட்டும் சொல்லும். வேறு சில அடையாளங்கள் மருந்தின் பலனைச் சொல்லும். பெருங்குடல் புற்றிலேயே நல்ல உதாரணம் ராஸ் மரபணு. அதில் மாற்றம் இருந்தால் செடுக்ஸிமாப் போன்ற மருந்துகள் வேலை செய்யாது, அதனால் பரவிய நோய்க்கு அந்த மருந்தைத் தொடங்குமுன் ராஸ் சோதனை செய்தே ஆக வேண்டும். நுண்குழாய் அடர்த்தி முதல் வகையில் ஓரளவு தேறுகிறது. இரண்டாவது வகையில் தேறவில்லை. "கட்டியில் குழாய் நிறைய, அதனால் குழாயைத் தடுக்கும் மருந்து நன்றாக வேலை செய்யும்" என்பது கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் நோயாளிகளிடம் அளந்தபோது உண்மையாகவில்லை.

இன்னொரு ஏமாற்றமும் காத்திருந்தது. பரவிய நோயில் பலன் தந்த மருந்து, ஆபரேஷனுக்குப் பிறகு நோய் திரும்பாமல் தடுக்க இன்னும் நன்றாக உதவும் என்று எதிர்பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு கொத்துகளாகத்தானே செல்கள் எஞ்சியிருக்கும், குழாய் முளைக்காமல் பார்த்துக்கொண்டால் போதுமே. என்.எஸ்.ஏ.பி.பி. சி-08, அவந்த் என்ற இரண்டு பெரிய ஆய்வுகள் 2011, 2012 ஆண்டுகளில் முடிவைச் சொல்லின: கீமோவோடு பெவசிஸுமாப் சேர்த்தும் நோய் திரும்புவது குறையவில்லை. அதனால்தான் இன்றும் ஆபரேஷன் முடிந்து நோய் எஞ்சாதவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுப்பதில்லை. "பரவியவர்களுக்குக் கொடுக்கிறார்களே, எனக்கு ஏன் தரவில்லை?" என்று யாராவது கேட்டால், பதில் செலவு அல்ல, இந்த இரண்டு ஆய்வுகள்தான்.

குழாயை அடைப்பதா, சீராக்குவதா?

பெவசிஸுமாப் ஏன் தனியாகக் கொடுப்பதைவிடக் கீமோவோடு சேரும்போது நன்றாக வேலை செய்கிறது? கட்டியைப் பட்டினி போடுவதுதான் நோக்கமென்றால், குழாயை அடைத்துவிட்டால் கீமோ மருந்தும் உள்ளே போகாதே. இந்த முரணுக்கு 2001இல் ஒரு விளக்கம் சொன்னவர் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஆய்வு செய்யும் ராகேஷ் ஜெயின், கான்பூர் ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்தவர். தோட்டத்தில் நீளக் குழாய் போட்டிருக்கிறோம், வழிநெடுக ஓட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை எவ்வளவு ஓட்டினாலும் வழியெல்லாம் சேறாகும், கடைசிச் செடிக்குத் தண்ணீர் போகாது. கட்டிக்குள்ளும் அப்படித்தான். கசிந்த நீர் சுற்றிலும் தேங்கி அழுத்தத்தைக் கூட்டுகிறது, உள்ளே போக வேண்டிய மருந்தை அது தடுக்கிறது. வி.இ.ஜி.எஃப்.பை மட்டுப்படுத்தினால் வேண்டாத குழாய்கள் உதிர்ந்து, மிச்சமிருப்பவை கொஞ்சம் ஒழுங்காகும், கசிவு குறையும், சில நாட்களுக்காவது கீமோ நன்றாக உள்ளே சேரும் என்றார் ஜெயின்.

2004இல் அவரும் சகாக்களும் மலக்குடல் புற்று உள்ள ஆறு பேரிடம் இதை நேரடியாக அளந்தார்கள். பெவசிஸுமாப் ஒரே ஒரு முறை ஏற்றி, 12 நாள் கழித்துப் பார்த்தபோது ரத்த ஓட்டம் குறைந்திருந்தது, நுண்குழாய் அடர்த்தி குறைந்திருந்தது, கட்டிக்குள் இருந்த நீர் அழுத்தமும் குறைந்திருந்தது. மிஞ்சிய குழாய்களில், வெளியிலிருந்து தாங்கும் செல்கள் போர்த்தியவை கூடுதலாக இருந்தன. ஆறு பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் மனித உடம்பில், குடலின் கடைசிப் பகுதியில், அதே கட்டியை மருந்துக்கு முன்னும் பின்னும் பார்த்த ஆய்வு என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. எத்தனை குழாய் என்பதைவிட எப்படிப்பட்ட குழாய் என்பது முக்கியம் என்ற எண்ணம் அதன்பின் வலுத்தது.

கல்லீரலில் நடப்பது இதைவிட வியப்பானது. அங்கே போய்ச்சேர்ந்த பெருங்குடல் புற்று எல்லோரிடமும் ஒரே மாதிரி வளர்வதில்லை. சிலரிடம் கட்டியைச் சுற்றி நார்த்திசு வேலி போல எழும்பி, கட்டி தனக்கென்று புதுக் குழாய்களை வரவழைக்கிறது. வேறு சிலரிடம் புற்றுசெல்கள் கல்லீரல் செல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தாங்கள் உட்கார்ந்துகொள்கின்றன. அங்கே ஏற்கெனவே ரத்தக் குழாய் இருக்கிறது, புதிதாக ஒன்றும் முளைக்க வேண்டியதில்லை. குழாய் முளைப்பதைத் தடுக்கும் மருந்தால் இவற்றை என்ன செய்ய முடியும்? 2016இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வு அதையே காட்டியது: இருக்கும் குழாய்களை அபகரித்து வளரும் கல்லீரல் கட்டிகளில் பெவசிஸுமாப் சேர்ந்த சிகிச்சைக்குப் பலன் மோசமாக இருந்தது. இங்கே குழாய்களை எண்ணிப் பயனில்லை. கட்டியும் கல்லீரலும் சந்திக்கும் எல்லையைப் பார்க்க வேண்டும். சாதாரண சாயம் போட்ட ஸ்லைடிலேயே அந்த எல்லை தெரிகிறது என்பதால், மருந்தின் பலனைச் சொல்லும் அடையாளமாக இது தேறக்கூடும் என்று நான் நம்புகிறேன்.

உங்கள் ரிப்போர்ட்டில் என்ன இருக்கும்?

நுண்குழாய் அடர்த்தி பெரும்பாலும் இருக்காது. வழக்கமான பெருங்குடல் புற்று ரிப்போர்ட்டில் அதற்கு இடமில்லை, இல்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். ஆனால் ரத்தக் குழாய் என்ற சொல் வேறொரு இடத்தில் வரும்: கட்டி ரத்தக் குழாய்க்குள் அல்லது நிணநீர்க் குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்ற வரி. பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள். அடர்த்தி என்பது கட்டிக்குள் எத்தனை குழாய் முளைத்திருக்கிறது என்பது. இந்த வரி சொல்வது, புற்றுசெல்கள் ஒரு குழாயின் உள்ளேயே இருப்பதைக் கண்ணால் பார்த்தார்களா என்பது. குறிப்பாகக் குடல் சுவருக்கு வெளியே உள்ள சிரைக்குள் கட்டி போயிருந்தால், இரண்டாம் ஸ்டேஜிலும் கீமோவைப் பற்றி டாக்டர் பேசுவார். எண்ணிக்கைத் தகராறு ஏதும் இல்லாமல் நிலைத்து நிற்கும் அடையாளம் இது.

அதோடு, எத்தனை கணுக்களைப் பார்த்தார்கள் என்பதையும் பாருங்கள். குறைந்தது 12 இருக்க வேண்டும். அதைவிடக் குறைவாகப் பார்த்துவிட்டுக் "கணுக்களில் இல்லை" என்றால் அதில் நிச்சயம் குறைவு. கட்டியின் செல்களில் டி.என்.ஏ. பிழைதிருத்தம் பழுதாகியிருக்கிறதா என்று பார்க்கும் எம்.எஸ்.ஐ. சோதனையையும் கேட்டு வாங்குங்கள். அதில் பாசிட்டிவ் வந்த இரண்டாம் ஸ்டேஜ் நோயாளிக்கு நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு, நோய் பரவியவருக்கு, உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியைப் புற்றின் மேல் ஏவும் இம்யூனோதெரபி நன்றாக வேலை செய்ய வாய்ப்பு அதிகம். நோயின் போக்கு, மருந்தின் பலன் இரண்டையும் ஒருசேரச் சொல்லும் அபூர்வமான அடையாளம் அது.

பரவிய நோய்க்குப் பெவசிஸுமாப் ஏறிக்கொண்டிருப்பவர்கள், குழாய் முளைப்பது காயம் ஆறவும் தேவை என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ரத்த அழுத்தம் ஏறலாம், அதை வீட்டிலும் அளந்து குறித்துவைப்பது நல்லது. சிறுநீரில் புரதம் போகிறதா என்று அவ்வப்போது பார்ப்பார்கள். அரிதாகக் குடலில் ஓட்டை விழக்கூடும், அதனால் திடீரென்று கடும் வயிற்றுவலி வந்தால் காலைவரை பொறுத்துப் பார்க்கக் கூடாது. மருந்து உடம்பிலிருந்து பாதி குறையவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். திட்டமிட்ட ஆபரேஷனுக்குக் குறைந்தது 28 நாள் முன்பே நிறுத்திவிடுவார்கள், ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது 28 நாள் கழிந்து, காயம் முழுவதும் ஆறிய பிறகே மறுபடி தொடங்குவார்கள். பல் பிடுங்குவதானாலும் இந்த மருந்தில் இருப்பதைப் பல் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.